என்பிஏ கோப்பை யாருக்கு? ஓர் அணியின் வாய்ப்பை எடைபோடும் விதம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 2024-25 சீசனின் லீக் சுற்று முடிந்தபோது கிழக்குப் பிரிவில் கிளீவ்லேண்ட் 64 வெற்றி, 18 தோல்வி (64-18), பாஸ்டன் 61-21. பிரிவின் இறுதியில் இந்த இரண்டும்தான் மோதும் என்று பெரும்பாலானோர் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டுமே பிளேஆஃப் எனப்படும் நாக்-அவுட் கட்டத்தின் இரண்டாம் சுற்றில் வெளியேறின. 50-32 என்று நான்காம் இடத்தில் இருந்த இண்டியானா பேசர்ஸ், கிளீவ்லேண்டை 4-1 என்று அனுப்பிவிட்டு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. மேற்கில் 68-14 எடுத்த ஓக்லஹோமா சிட்டி தண்டர் எதிர்பார்த்தபடியே கோப்பையை வென்றது. ஆனால் அதற்கும் இரண்டு தொடர்கள் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தன.

வெற்றி-தோல்விப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யார் சாம்பியன் என்று சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான். பட்டியல் பொய் சொல்வதில்லை. நாம் கேட்கும் கேள்விக்கு அதில் பாதி விடைதான் இருக்கிறது. மீதிப் பாதியை வேறு இடங்களில் தேட வேண்டும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டங்கள். பிரிவுக்கு எட்டு என 16 அணிகள் பிளேஆஃப் போகும். 7 முதல் 10 வரையிலான இடங்களில் உள்ளவை கடைசி இரண்டு இடங்களுக்கு ப்ளே-இன் ஆட்டங்களில் மோதிக்கொள்ளும். அதன் பிறகு நான்கு சுற்றுகள். ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கு வெல்லும் அணி முன்னேறும். ஆக கோப்பைக்கு 16 வெற்றிகள் தேவை.

முதலில் பார்க்க வேண்டிய எண்

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் தெரியும். இரு அணிகள் சமப் புள்ளியில் நின்றால்தான் அங்கே அது பேச்சுக்கு வரும். கூடைப்பந்தில் அதற்கு இணையான எண்ணைத்தான் முதலில் எடுக்க வேண்டும்: ஓர் அணி சராசரியாக ஓர் ஆட்டத்தில் எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுக்கிறது என்ற வித்தியாசம். கடைசி நொடியில் ஒரு பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா, வெளியே தெறித்ததா என்பதைப் பொறுத்து ஒரு வெற்றி கூடும், குறையும். 82 ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தில் அந்த ஒரு பந்தின் எடை மிகச் சிறியது. அதனால்தான் வரும் ஆட்டங்களைக் கணிப்பதற்கு வெற்றி எண்ணிக்கையைவிட இது நம்பகமானது.

தோராயமாக ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு, 82இல் பாதியான 41க்கு மேல் இரண்டரை வெற்றி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். +4 என்றால் சுமார் 51 வெற்றி. அதே +4இல் ஓர் அணி 56 வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்கள் அதன் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். ‘நெருக்கடியில் எப்படி முடிப்பது என்று இவர்களுக்குத் தெரியும்’ என்று வர்ணனையாளர்கள் சொல்லும் அணிகளில் பல இந்த வகைதான். அடுத்த சீசனில் அந்தத் திறமை பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

எந்த அளவு இருந்தால் போதும்? தண்டர் 2024-25இல் எடுத்தது +12.9. லேக்கர்ஸ் 1971-72இல் எடுத்த +12.3ஐ முந்திய சாதனை அது. 2024 சாம்பியன் பாஸ்டன் +11.3. இவை விதிவிலக்கான உயரங்கள். 2019 டொரொண்டோ, 2020 லேக்கர்ஸ், 2021 மில்வாக்கி, 2022 கோல்டன் ஸ்டேட் ஆகிய நான்கும் +5.5க்கும் +6க்கும் அருகில் நின்றே கோப்பையைத் தூக்கின. அதற்குக் கீழே 2023 டென்வர் இருக்கிறது: +3.3. அது எப்படி வென்றது என்பதில்தான் இந்த எண்ணின் குறைபாடு தெரிகிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சில திருத்தங்கள் செய்ய வேண்டும். முதலாவது வேகம். வேகமாக ஆடும் அணிக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள் பெருகும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு என்பதற்குப் பதில் நூறு பொசஷனுக்கு எத்தனை புள்ளி என்று மாற்றிக்கொள்வது வழக்கம். பந்து ஒருமுறை கைக்கு வந்து, எதிரணியிடம் போகும் வரை ஒரு பொசஷன். ஸ்கோர் அட்டையிலிருந்தே கணக்கிடலாம்: ஷாட் முயற்சிகளில் இருந்து தாக்குதல் ரீபவுண்டுகளைக் (தவறிய தன் ஷாட்டைத் தானே மீட்பது) கழித்து, டர்ன்ஓவர்களைக் (ஷாட் எறியாமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) முயற்சிகளின் எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 88 ஷாட், 11 தாக்குதல் ரீபவுண்ட், 14 டர்ன்ஓவர், 22 ஃப்ரீ த்ரோ என்றால் ஏறத்தாழ 101 பொசஷன். 0.44 எதற்கென்றால், எல்லா ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசஷனை முடித்துவைப்பதில்லை. இரண்டில் முதலாவது, கூடை விழுந்த பின் கிடைக்கும் கூடுதல் ஒன்று, டெக்னிக்கல் ஃபவுலுக்கானது (நடத்தை மீறலுக்குத் தரப்படுவது) ஆகியவை கணக்கில் சேராதவை.

இரண்டாவது, யாரோடு ஆடியது என்பது. தண்டர் அந்த சீசனில் கிழக்கு அணிகளை 29-1 என்று நொறுக்கியது. சொந்தப் பிரிவில் 39-13. கிழக்கு அணிகள் பலவீனமான ஆண்டில் இரண்டு பிரிவுத் தலைவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாஸ்கெட்பால் ரெஃபரென்ஸ் தளத்தில் எஸ்ஆர்எஸ் என்ற பெயரில் எதிரணி வலிமைக்கு ஏற்பத் திருத்திய வித்தியாசம் கிடைக்கும். அதை எடுத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, முடிவு தெரிந்த பிறகு நடக்கும் ஆட்டம். 28 புள்ளி முன்னிலையில் கடைசி ஆறு நிமிடம் பெஞ்ச் வீரர்கள் ஆடுவதைக் கணக்கிலிருந்து நீக்கினால் சில அணிகளின் எண் ஒன்றிரண்டு புள்ளி ஏறும், சிலவற்றுக்கு இறங்கும். கிளீனிங் தி கிளாஸ் தளம் இதைச் செய்து தருகிறது.

நான்காவது, சராசரிக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு அணிகள். இண்டியானாவை எல்லோரும் தவறவிட்டது இங்கேதான். அந்த அணி சீசனை 10-15 என்று தொடங்கியது. ஆண்ட்ரூ நெம்ஹார்டும் ஏரன் நெஸ்மித்தும் காயத்தில் வெளியே இருந்தார்கள். அதன் பிறகான 57 ஆட்டங்களில் 40-17. ஏப்ரலில் பிளேஆஃபுக்குக் களமிறங்கியது அந்த இரண்டாவது அணி. ஆனால் பட்டியலில் தெரிந்தது இரண்டும் கலந்த ஒன்று. காரணம் தெளிவாகத் தெரியும்போது மட்டும் இப்படிப் பிரிக்கலாம்: ஒருவர் காயத்திலிருந்து திரும்பினார், பிப்ரவரியில் ட்ரேட் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) நடந்தது என்பது போல. 2004இல் டெட்ராய்ட் அணி ரஷீத் வாலஸை பிப்ரவரியில் வாங்கியதும், 1995இல் ஹூஸ்டன் கிளைட் டிரெக்ஸ்லரை வாங்கியதும் அப்படிப்பட்ட காரணங்கள். காரணமே இல்லாமல் ‘கடைசிப் பத்தில் ஒன்பது வெற்றி’ என்று வெட்டி எடுப்பது வெறும் தேதி விளையாட்டு.

இங்கே பயிற்சியாளர் பில் ஜாக்சனின் புகழ்பெற்ற விதியைச் சொல்லாமல் விட முடியாது: 20 தோல்வி வருவதற்குள் 40 வெற்றி எடுக்காத அணி கோப்பைக்கு ஆகாது. 1979-80 தொடங்கி அதை மீறி வென்றவை 1995 ஹூஸ்டன், 2004 டெட்ராய்ட், 2006 மயாமி, 2021 மில்வாக்கி ஆகிய நான்கு மட்டுமே. மேசைப் பேச்சுக்கு நல்ல விதி. வடிகட்டி என்ற அளவில் பயன்படும், அதற்கு மேல் அல்ல. வடிகட்டலில் தேறிய ஐந்தாறு அணிகளில் எது என்று அது சொல்லாது.

எட்டுப் பேர்

லீக் சுற்றில் பயிற்சியாளர் பத்து, பதினொரு பேரைச் சுழற்றுவார். பிளேஆஃபில் அது எட்டாகவும் ஒன்பதாகவும் சுருங்கும். 48 நிமிட ஆட்டத்தில் நட்சத்திரங்கள் 34 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குப் போவார்கள். ஆகவே நாம் மதிப்பிட வேண்டிய அணி, 82 ஆட்டம் ஆடிய அணி அல்ல. அதிலிருந்து பிழிந்தெடுத்த சாறு.

டென்வரின் +3.3 இப்போது புரியும். 2022-23இல் அதன் நட்சத்திரம் நிகோலா யோகிச் களத்தில் இருந்த நேரத்தில் அந்த அணி லீகிலேயே முதல்தரம். அவர் உட்கார்ந்ததும் சரிவு. லீக் சுற்றில் அவர் ஆடியது சராசரியாக 33.7 நிமிடம், பிளேஆஃபில் 39.4. சரிவுக்கான நேரம் 14 நிமிடத்திலிருந்து 9 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. அணி 16-4 என்று முடித்தது. இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் ஏப்ரலிலேயே போட்டிருக்கலாம்: நட்சத்திரம் இருக்கும்போது நூறு பொசஷனுக்கு என்ன, இல்லாதபோது என்ன என்று இரண்டு எண்களை எடுத்து, பிளேஆஃப் நிமிடங்களின் விகிதத்தில் மறுபடி கலக்க வேண்டும். யோகிச் போன்ற ஒருவரைச் சார்ந்த அணிக்கு இந்தத் திருத்தம் பெரிதாக வரும். பெஞ்சின் ஆழத்தால் லீக் சுற்றில் குவித்த அணிக்கு எதிர்த்திசையில் வரும்.

அடுத்து அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக எடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதிரணி இவரைத் தாக்குதலில் கவனிக்காமல் விட்டுவிடலாமா? எதிரணியின் சிறந்த வீரர் இவரைத் தேடி வந்து தாக்கலாமா? ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் ஊர் மாறும் லீக் சுற்றில் எந்த எதிரணிக்கும் இதைத் தோண்டிப் பார்க்க நேரமில்லை. ஒரே அணியோடு இரண்டு வாரம் மோதும்போது ஒவ்வொரு ஓட்டையும் வெளியே வரும். 2016 இறுதித் தொடரில் கிளீவ்லேண்டின் லெப்ரான் ஜேம்ஸும் கைரி இர்விங்கும், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கரி யாரைக் காக்கிறாரோ அந்த வீரரையே திரும்பத் திரும்பத் திரை போட (தங்களைக் காப்பவரின் வழியை மறித்து நிற்க) அழைத்தார்கள். பாதுகாவலர்கள் இடம் மாறியதும் கரி அவர்கள் முன் நின்றார். ஏழாவது ஆட்டத்தில் 53 நொடிகள் மீதம் இருக்கையில் இர்விங் போட்ட மூன்று புள்ளி ஷாட் (கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து எறிவது) கரியின் கைக்கு மேலேதான் போனது.

2021 யூட்டா இன்னும் தெளிவான பாடம். 52-20 என்று லீகின் சிறந்த அணி. ரூடி கோபேர் வளையத்தடியில் நின்றால் யாரும் உள்ளே வர முடியாது. அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் அவருக்கே. கிளிப்பர்ஸ் தூரத்திலிருந்து எறியக்கூடிய ஐந்து ஷூட்டர்களை வெளியே நிறுத்தியது. கோபேர் தன் ஆளைக் காக்க வெளியே வந்தால் வளையம் திறக்கிறது. உள்ளேயே நின்றால் மூலையில் நிற்பவர் எறிகிறார். ஆறாவது ஆட்டத்தில் யூட்டா 25 புள்ளி முன்னிலையில் இருந்தது. டெரன்ஸ் மான் என்ற, அதுவரை பலரும் கவனிக்காத வீரர் 39 புள்ளி எடுத்தார். கிளிப்பர்ஸ் 131-119 என்று தொடரை முடித்தது. அதுவும் கவாய் லெனார்ட் காயத்தில் வெளியே இருந்தபோது. பழி கோபேர்மீது விழுந்தது. ஆனால் அவரைச் சுற்றியிருந்த கார்டுகள் (வெளிவட்டத்தில் ஆடுபவர்கள்) ஒருவர்கூடத் தன் ஆளை முதல் அடியிலேயே தடுக்க முடியாததே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

இந்தக் கோணத்தில் 2025 தண்டரைப் பார்த்தால், எட்டில் ஒருவர்கூட வேட்டையாடக் கிடைக்கவில்லை. அதோடு இரண்டு வகையான அணிகளாக மாறும் வசதி அவர்களிடம் இருந்தது: செட் ஹோம்கிரனும் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனும் சேர்ந்து இரட்டைச் சென்டர்களாக (வளையத்தடியில் ஆடும் உயரமானவர்கள்) ஆடலாம், அல்லது ஒருவரை உட்காரவைத்துக் குட்டை வீரர்களோடு ஆடலாம். டென்வருடனான ஏழாவது ஆட்டத்தில் அலெக்ஸ் கருசோ என்ற 6 அடி 5 அங்குல கார்டு, கிட்டத்தட்ட ஏழடி யோகிச்சை நெடுநேரம் காத்தார். 125-93. லீக் சுற்றில் இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை, அவசியம் வரவில்லை.

அனுபவமும் சமநிலையும்

‘இளம் அணி, இன்னும் அடி வாங்க வேண்டும்’ என்பது ஒவ்வோர் ஏப்ரலும் கேட்கும் வாக்கியம். தண்டர் அணி 1977 போர்ட்லண்டுக்குப் பிறகு மிக இளைய சாம்பியன். அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. அனுபவமுள்ள அணிகள் பெரும்பாலும் நல்ல அணிகளாகவும் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

தாக்குதலிலும் தற்காப்பிலும் முதல் பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இதைவிட உறுதியான அளவுகோல். 2001 லேக்கர்ஸ் இதை உடைத்த அணி: லீக் சுற்றில் தற்காப்பில் இருபதாவது இடத்துக்கும் கீழே இருந்துவிட்டு பிளேஆஃபில் 15-1 (அப்போது முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடர்). முந்தைய ஆண்டு சாம்பியன் என்பதால் அவர்கள் சோம்பல்பட்டிருந்தார்கள் என்ற விளக்கம் அங்கே பொருந்தியது. ஏற்கெனவே வென்று காட்டாத அணிக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது.

எதில் வல்லமை என்று பிரித்துப் பார்க்க புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் இன்றும் போதுமானவை. ஷாட் திறன் 40%, டர்ன்ஓவர் 25%, ரீபவுண்ட் 20%, ஃப்ரீ த்ரோ 15% என்று எடை. ஷாட் திறனில் மூன்று புள்ளிக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். தண்டரின் வலு இரண்டாவது காரணியில் இருந்தது: லீகிலேயே மிகக் குறைவாகப் பந்தை இழந்தார்கள், மிக அதிகமாகப் பறித்தார்கள். இது எறியும் கையை நம்பாத வலு என்பதால், எறிதல் கைகொடுக்காத இரவுகளிலும் கூடவே வரும்.

எறியும் கையின் சூதாட்டம்

இப்போதைய என்பிஏவில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 37 மூன்று புள்ளி ஷாட் எறிகிறது. விழுவது 36%. எதிர்பார்ப்பு 13 கூடை. ஆனால் 37 முறை எறிந்தால் வெறும் தற்செயலிலேயே மூன்று கூடை கூடுவதும் குறைவதும் சாதாரணம். மூன்று கூடை என்றால் ஒன்பது புள்ளி. இரு அணிகளின் தரத்தில் உள்ள வித்தியாசமே பல தொடர்களில் அவ்வளவுதான்.

பாஸ்டன் 2024-25இல் ஓர் ஆட்டத்துக்கு 48 எறிந்தது. அதற்கு முன் எந்த அணியும் அத்தனை எறிந்ததில்லை. நியூயார்க்குடனான முதல் ஆட்டத்தில் 60 எறிந்து 15 போட்டது. தவறிய 45 ஒரு பிளேஆஃப் சாதனை. வழக்கமான விகிதத்தில் 22 விழுந்திருக்க வேண்டும். ஏழு கூடை, 21 புள்ளி. கூடுதல் நேரத்தில் 108-105 என்று தோற்றார்கள். 2018இல் ஹூஸ்டன் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்களைத் தவறவிட்டது. மொத்தம் 44க்கு 7. இவற்றை மனவலிமைக் குறைவு என்று எழுதிவிடுவது சுலபம். இவ்வளவு எறிகிற அணிக்கு எப்போதாவது இப்படி ஓர் இரவு வந்தே தீரும். அது மே மாதத்தில் வருமா ஜனவரியில் வருமா என்பதுதான் கேள்வி.

மதிப்பீட்டில் இதை எப்படிச் சேர்ப்பது? ஓர் அணியின் தற்காப்பு நன்றாக இருப்பதாகத் தெரிந்தால், எதிரணிகள் அதற்கு எதிராக எத்தனை சதவீதம் மூன்று புள்ளி போட்டிருக்கின்றன என்று பாருங்கள். 34% என்றால் அந்தத் தற்காப்பில் ஒரு பகுதி அதிர்ஷ்டம். தற்காப்பு அணி எதிரியின் எறிதல் எண்ணிக்கையை ஓரளவு கட்டுப்படுத்தும், விழும் சதவீதத்தை அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. லீக் சராசரிக்கு அதைத் தள்ளிவைத்து மறுபடி கணக்கிட்டால், 37 ஷாட்டில் 2 சதவீதம் என்பது ஓர் ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிக்கும் மேல். +6 அணி +4 ஆகிவிடும்.

வித்தியாசத்தை வாய்ப்பாக மாற்றுதல்

இனி எண்கணிதம். என்பிஏ ஆட்டம் ஒன்றின் முடிவு எதிர்பார்ப்பிலிருந்து சராசரியாக 12 புள்ளி அளவு சிதறும். அதை வைத்துக் கணக்கிட்டால், எதிரணியைவிட 3 புள்ளி வலுவான அணி ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 60%. 6 புள்ளி என்றால் 69%. 9 என்றால் 77%. ஏழு ஆட்டத் தொடரில் இவை முறையே 71%, 86%, 95% ஆக உயரும். தொடர் நீள நீள வலுவான அணிக்கே லாபம்.

சொந்த மைதானம் இப்போது இரண்டு புள்ளிச் சாதகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடர் முழுக்கப் பார்த்தால் கூடுதலாகக் கிடைப்பது ஏழாவது ஆட்டம் ஒன்று மட்டுமே. சமபலம் உள்ள இரு அணிகளில் சொந்த மைதானச் சாதகம் பெற்ற அணியின் வாய்ப்பு 50லிருந்து ஏறத்தாழ 52 ஆகும். அதற்காக மார்ச் மாதம் நட்சத்திரங்களைத் தேய்ப்பது பெரும்பாலும் நட்டம். கடல்மட்டத்துக்கு 5,280 அடி மேலே ஆடும் டென்வருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

2025 ஏப்ரலில் தண்டருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். தண்டர் +12.9, டென்வர் ஏறத்தாழ +4. வித்தியாசம் 9, ஆகவே தொடரில் 95%. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். பலவீனமான அணிகளை 30, 40 புள்ளியில் நசுக்கிச் சேர்த்த வித்தியாசம் வலுவான அணிக்கு எதிராக அப்படியே நிற்காது. எதிரணியும் பிளேஆஃபில் தன் மோசமான வீரர்களை உட்காரவைக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 6 என்று கொள்வது நிதானம். 86%. முதல் சுற்றில் மெம்ஃபிஸ் 95%, பிரிவு இறுதிக்கும் கோப்பை இறுதிக்கும் தலா 80% என்று தாராளமாகவே கொடுப்போம். நான்கையும் பெருக்கினால் 52%.

என்பிஏ வரலாற்றிலேயே அதிகப் புள்ளி வித்தியாசம் எடுத்த அணிக்கு நாணயத்தைச் சுண்டியதைவிடச் சற்றே மேல். நடந்ததும் அதற்கு ஒத்துப்போனது. மெம்ஃபிஸை 4-0, மினசோட்டாவை 4-1. டென்வரோடும் இண்டியானாவோடும் 4-3. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இண்டியானா 25 முறை பந்தை இழந்தும், 0.3 நொடி மீதமிருக்கையில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட்டில் 111-110 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் இண்டியானா முன்னிலையில் இருந்தது அந்த 0.3 நொடி மட்டுமே. நான்காவது ஆட்டத்தில் 2-1 என்று முன்னிலையில் இருந்த இண்டியானா, கடைசிக் கால்பகுதிக்குள் ஏழு புள்ளி முன்னணியோடு நுழைந்தது. தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் கடைசி நாலரை நிமிடத்தில் 15 புள்ளி எடுத்திராவிட்டால் தொடர் 3-1.

ஆகவே யாராவது ஏப்ரலில் ஓர் அணிக்கு 70% என்று சொன்னால், சராசரியாக ஒவ்வொரு தொடரிலும் 91% வேண்டும் என்று நினைவில் வையுங்கள். சாதாரண முதலிட அணிக்கு 25 முதல் 30 என்பதே நியாயமான எண். 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள் வந்ததில் வியக்க எதுவும் இல்லை.

காயம்

மேலே போட்ட எல்லாக் கணக்கையும் ஒரு கெண்டைக்கால் தசை கிழித்துவிடும். 2025 பிளேஆஃபில் மட்டும் டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் மூவருக்கும் அகில்லஸ் தசைநார் அறுந்தது. மூவரும் அணிந்திருந்தது பூஜ்யம் எண் ஜெர்சி. மூடநம்பிக்கைக்காரர்களுக்கு நல்ல தீனி. ஹாலிபர்ட்டன் இறுதித் தொடரில் ஏற்கெனவே வலது கெண்டைக்காலில் பிடிப்போடு ஆடிக்கொண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் அதே காலில் அறுந்தது. 2018இல் ஹூஸ்டன் 3-2 என்று முன்னிலை பெற்ற அதே ஆட்டத்தில்தான் கிறிஸ் பால் தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மீதி இரண்டு ஆட்டங்களும் போயின. 2019இல் கோல்டன் ஸ்டேட் கெவின் டுரான்ட்டையும் கிளே தாம்ஸனையும் ஒரே தொடரில் இழந்தது.

இதைக் கணிக்க முடியாது, விலை போட முடியும். ஓர் அணியின் முதல் இரண்டு வீரர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மாதம் முழுக்க ஆடும் வாய்ப்பு 85% என்று கொண்டால், இருவரும் சேர்ந்து ஆடும் வாய்ப்பு 72%. வயது 33ஐத் தாண்டியவர், அந்த சீசனிலேயே தொடைப் பின்தசை அல்லது கெண்டைக்கால் பிடிப்பில் உட்கார்ந்தவர், முழங்கால் வீக்கத்தோடு ஒன்று விட்டு ஒன்று ஆடுபவர் என்றால் எண்ணைக் குறைக்க வேண்டும். ஒருவர் போனாலும் அணி எத்தனை புள்ளி இறங்கும் என்பதையும் பாருங்கள். தண்டர் லீக் சுற்றில் ஹோம்கிரனை 50 ஆட்டங்களில் இழந்தும் 68 வென்றது. அந்தத் தகவலே ஒரு காப்பீடு.

காயப் பட்டியலில் வரும் சொற்களையும் எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ப்ராபபிள் என்றால் ஆடுவார் என்றே கொள்ளலாம், டவுட்ஃபுல் என்றால் மாட்டார். குவெஸ்ச்சனபிள்தான் பிளேஆஃபில் தந்திரத்துக்குப் பயன்படும் சொல். ஏழாவது ஆட்டத்தில் அந்தப் பட்டியலில் உள்ள நட்சத்திரம் பெரும்பாலும் இறங்குவார், எந்த வேகத்தில் என்பதே தெரியாது.

தேதிகளும் பணமும்

பிப்ரவரி ட்ரேட் கெடுவுக்குப் பிறகும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வேறோர் அணி மார்ச் 1க்குள் விடுவிக்கும் வீரரைத்தான் பிளேஆஃபில் பயன்படுத்தலாம். ஒரு அணியில் 15 முழு ஒப்பந்தங்களும் 3 டூ-வே ஒப்பந்தங்களும் (துணை லீகுக்கும் சேர்த்து ஆடுபவர்களுக்கானவை) இருக்கும். டூ-வே வீரர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், முழு ஒப்பந்தத்துக்கு மாற்றப்படாமல் பிளேஆஃபில் இறங்க முடியாது. பெஞ்சில் ஆறாவது, ஏழாவது ஆளாக வளர்ந்த ஒரு டூ-வே வீரருக்கு இடம் காலியில்லை என்றால் அந்த எட்டுப் பேர் கணக்கு மாறும்.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான வாய்ப்பைக் கேட்டால் விடை சம்பளப் பட்டியலில் இருக்கிறது. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 ஒப்பந்தம் கொண்டுவந்த ‘இரண்டாவது ஏப்ரன்’ என்ற மொத்தச் சம்பள வரம்பு 2024-25இல் 18.89 கோடி டாலர், 2025-26இல் 20.78 கோடி டாலர். இதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை ட்ரேடில் வாங்க முடியாது. ட்ரேடில் பணம் தர முடியாது. ஏழு ஆண்டு தள்ளிய முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ட்ரேடில் கொடுக்க முடியாதபடி முடக்கப்படும். அதிகச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் வரியைக்கூடப் பணக்கார உரிமையாளர்கள் கட்டிவிடுவார்கள். இந்தக் கைவிலங்குதான் கடிக்கும். 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், ஓராண்டு கழித்து டேட்டம் காயத்தில் விழுந்ததும் ஜ்ரூ ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது இந்த வரம்புக்குள் இறங்கத்தான். ஆகவே இன்று இரண்டாவது ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணிக்கு இந்த ஆண்டின் வாய்ப்பை மட்டும் கொடுங்கள்.

சந்தையோடு ஒப்பிடல்

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. பந்தய நிறுவனங்கள் வெளியிடும் விலை, பந்தயம் கட்டாதவருக்கும் பயன்படும் இலவசத் தகவல். 5.0 என்று விலை இருந்தால் வாய்ப்பு 1/5, அதாவது 20%. அமெரிக்க முறையில் அதுவே +400. முப்பது அணிகளின் வாய்ப்பையும் இப்படிக் கூட்டினால் 100க்குப் பதில் 120 போல வரும்; கூடுதல் 20 நிறுவனத்தின் லாபம். ஒவ்வொன்றையும் 1.2ஆல் வகுத்துச் சரிசெய்ய வேண்டும். அப்போது 20% என்று பார்த்தது 17%க்கும் கீழே இறங்கும். லேக்கர்ஸ், நியூயார்க் போல ரசிகர் கூட்டம் பெரிதான அணிகளுக்கு விலை இன்னும் ஊதிப்போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்ணும் சந்தை எண்ணும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே தோண்டத் தேவையில்லை. பத்துக்கு மேல் விலகினால் முதலில் அன்றைய காயப் பட்டியலையும், பிறகு அந்த அணி எந்தப் பக்கத்து அட்டவணையில் யார் யாரைச் சந்திக்க வேண்டும் என்பதையும், அதற்குப் பிறகு எதிரணிகளின் மூன்று புள்ளி சதவீதத்தையும் இதே வரிசையில் மறுபடி பாருங்கள். பத்தில் எட்டு முறை பிழை இந்த மூன்றில் ஒன்றில், நம் பக்கத்தில்தான் இருக்கும்.